"ஒன்றுமில்லை, ஸார்!"

சகோதரிகளே, பெண் பார்க்கும் வைபவம் உங்களுக்குத் தெரியாததல்ல. பஜ்ஜியும் சொஜ்ஜியும் ஒரு பக்கம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் கேள்விகள் வெளியே வந்துகொண்டிருக்கும். "பாடத் தெரியுமா? சமைக்கத் தெரியுமா? எம்பிராய்டரி தெரியுமா?" பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லுவாள். "அது சரி, உங்கள் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று அவள் திருப்பிக் கேட்டால், அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலியாவது கவிழ்ந்திருக்கும்!

உத்தியோகத்துக்கு நடக்கும் இண்டர்வியூவும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான். அரை மணி நேரம் நம்மைக் குடைந்து எடுத்துவிட்டு, கடைசியில் அந்தப் பெரிய மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார். நாமும் சட்டென்று எழுந்து, "ஒன்றுமில்லை, ஸார்!" என்று கைகூப்பிவிட்டு வந்துவிடுவோம்.

1984-இல் நானும் அப்படித்தான் சொன்னேன். பாரிமுனைப் பக்கம் ஒரு வியாபார ஸ்தாபனம். பி.காம். பாஸ் செய்து, டைப்ரைட்டிங்கில் ஹையரும் முடித்திருந்தேன். சம்பளம் 350 ரூபாய் என்றார்கள். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "சர்டிபிகேட்டுகள் எல்லாம் ஒரிஜினலாக இங்கேயே இருக்கட்டும் அம்மா, பத்திரமாக இருக்கும்" என்றார் மானேஜர். எதற்கு, எத்தனை நாளைக்கு, ரசீது உண்டா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசலில் இருந்த பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

மறு வருஷம் சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறினேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளுடன் இன்ன தேதியில் வரவும் என்று கடிதம் வந்தது. மானேஜரிடம் போனேன். முதலாளி ஊரில் இல்லை என்றார். பீரோச் சாவி அவரிடம் இருக்கிறது என்றார். பன்னிரண்டு நாள் நடையாய் நடந்தேன். கடைசியில் நகல்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஏற்கவில்லை. என் முறை அடுத்தவருக்குப் போய்விட்டது. அந்த உத்தியோகம் கிடைத்திருந்தால் இன்று மாதம் பிறந்தால் பென்ஷன். கேட்காத ஒரே ஒரு கேள்வியின் விலை அது!

இதை ஏன் இப்போது சொல்லுகிறேன் என்றால், சமீபத்தில் என் அண்ணா பெண்ணுக்கு கிண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து இண்டர்வியூ வந்தது. கணக்குப் பிரிவில் வேலை. அண்ணாவுக்கு ஆபரேஷன் ஆனதில் வாங்கிய கடன் தலைக்குமேல் நிற்கிறது. வேலை அவசியம் வேண்டும். பெண் ராப்பகலாகக் கம்ப்யூட்டரில் பதில்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"பதில் எல்லாம் சரிடீ, கேள்விகளைத் தயார் செய்தாயா?" என்றேன்.

"நான் எதற்கு அத்தை கேட்கணும்? அவாதானே கேட்பா!"

மன்னி அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "நீ ஒன்று! கேள்வி கேட்டால் அகராதி பிடித்தவள் என்று நினைத்து அனுப்பிவிடப் போகிறார்கள். வாயை மூடிக்கொண்டு சம்மதம் சொல்லிவிட்டு வரட்டும்."

"இரண்டு ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்குவதற்கு இருபது கேள்வி கேட்கிறாயே மன்னி, காலம் முழுக்கப் பார்க்கப்போகும் வேலையைப்பற்றி ஒரு கேள்வி கேட்கக்கூடாதா?" என்றேன். மன்னி தாளிப்பில் கவனமாகிவிட்டாள்.

தேதிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் நானும் பெண்ணுமாக எழுத ஆரம்பித்தோம். முதலில் கண்ட கேள்வியெல்லாம் முப்பது சேர்ந்தது. கம்பெனி எப்போது ஆரம்பித்தது, எத்தனை கிளை என்பதையெல்லாம் அடித்தேன். கம்பெனியே ஊரறியப் போட்டிருக்கும் சமாசாரத்தைக் கேட்டால், படிக்காமல் வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். மிச்சத்தை இரண்டாகப் பிரித்தோம். இண்டர்வியூ அறையில் கேட்க வேண்டியவை மூன்று. வேலை நிச்சயம் என்று தெரிந்த பிறகு, கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை மற்றவை.

அறையில் கேட்க வேண்டியவை வேலையைப் பற்றியவை. முதல் ஆறு மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்? வேலை கற்றுக்கொடுப்பவர் யார்? இந்த நாற்காலியில் எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்?

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை நம் வாழ்க்கையைப் பற்றியவை. வருஷத்துக்கு 3,60,000 ரூபாய் என்று சொல்லியிருந்தார்கள். மாதம் 30,000 என்று மன்னி கடன் கணக்குக்கூடப் போட்டுவிட்டாள். நான் பென்சிலை எடுத்தேன். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பிராவிடண்ட் பண்டுக்கு முதலாளி கட்டும் 1,800-ஐயும், கிராஜுவிட்டிக்காகச் சுமார் 720-ஐயும் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடக்கிவிடுவது பல கம்பெனிகளின் வழக்கம். நம் பங்குக்கும் 1,800 பிடிப்பார்கள். ஆக, கையில் வருவது 25,700-க்கும் கொஞ்சம் குறைவு. "கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பிறகு, நேரம். இரவு ஏழு மணிக்குமேல் வேலை உண்டானால், பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் சட்டப்படி வேண்டும். வண்டி வீட்டு வாசல் வரைக்குமா, தெருமுனை வரைக்குமா? பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில், பெண்களிடம் தகாத முறையில் நடப்பவர்கள்மேல் புகார் கேட்க ஒரு குழு இருக்கவேண்டும் என்பது 2013-ஆம் வருஷத்துச் சட்டம். மூத்த பெண் ஊழியர் ஒருவர்தான் அதற்குத் தலைவி. அவர் யார்? பிரசவ விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று 2017-இல் உயர்த்தினார்கள். ஐம்பது பேர் அல்லது அதற்குமேல் இருந்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும்.

கடைசியாக, சிவப்பு மையால் எழுதச் சொன்னேன்: "ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்பீர்களா? இத்தனை வருஷம் போகமாட்டேன் என்று ஒப்பந்தம் உண்டா?" ஒப்பந்தக் கையெழுத்து விளையாட்டல்ல. மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு வங்கி எழுதி வாங்கியது செல்லும் என்றே 2025-இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாகியிருக்கிறது.

பெண் போய்விட்டு வந்தாள். மூன்று கேள்வியையும் கேட்டாளாம். மூன்றாவது கேள்விக்கு எதிரே இருந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். "இந்த வருஷம் மூன்று பேர் மாறிவிட்டார்கள்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னாராம். ஆனாலும் இரண்டாம் நாளே, வேலை உனக்குத்தான் என்று தகவல் வந்துவிட்டது. மன்னி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு புன்னகைகூட இருந்தது.

கையெழுத்துப் போடப் போன இடத்தில், இரண்டு வருஷ ஒப்பந்தம். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் கம்பெனி வசம். "ரசீது தருவீர்களா?" என்று கேட்டாள் பெண். "நம்பிக்கை இல்லாவிட்டால் எப்படி அம்மா வேலை செய்வாய்?" என்றார்களாம். பையை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணா ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நான்தான் சொல்லிக் கெடுத்துவிட்டேனோ, என் பழைய ஆற்றாமையை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டேனோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. விடியற்காலம் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போகலை அத்தை. உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான்" என்றாள்.

ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் கடன்காரர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். மன்னியின் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் இன்னொரு இடம் அமைந்தது. அங்கே ஒரு பெண் அதிகாரி, இவள் காலண்டர் தாளை எடுத்ததும், "அடேயப்பா, படித்துக்கொண்டு வந்திருக்கிறாயே, கேள்!" என்று சிரித்தாராம். ஒவ்வொன்றுக்கும் பதிலை மறுநாள் எழுத்திலேயே அனுப்பிவிட்டார். ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சம்பளம் முதல் இடத்தைவிட 2,000 குறைவு. மளிகைக்காரன் கணக்கு நீட்டும்போதெல்லாம் மன்னி அந்த இரண்டாயிரத்தை என் காதில் விழும்படி ஞாபகப்படுத்தத் தவறுவதில்லை. ஆனால், சகோதரிகளே, வளையல் மீண்டு வந்த அன்று நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். மன்னி பீரோவைத் திறந்து வளையலை வைத்தாள். பக்கத்தில் பெண்ணின் சர்டிபிகேட்டுகள் இருந்த உறையை எடுத்தாள். தூசி தட்டினாள். வளையலுக்கும் அடியில், பத்திரமாக வைத்துப் பூட்டினாள்.