நாக்கும் தோளும்

"அம்மித் துவையலின் ருசி போய்விட்டதே!" என்று அங்கலாய்ப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். அநேகமாகக் குழவியைத் தொட்டறியாதவர்களாகவே இருப்பார்கள். ருசி அவர்கள் நாக்குக்கு, தோள்வலி வேறொருவருக்கு.

ஆகவே, மிக்ஸியா, கிரைண்டரா என்ற கேள்வியைத் தோளிடம் விடுவதே நியாயம். கோயம்புத்தூர் சபாபதி 1955-ல் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். 1960-களில் பம்பாயில் மாதுர் என்ற இன்ஜினீயர், மனைவியின் அயல்நாட்டு யந்திரம் நம் சமையலுக்கு ஈடுகொடுக்காததைக் கண்டு சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். 2011-ல் தமிழக அரசே இரண்டையும் மின்விசிறியோடு விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மிக்ஸியின் பிளேடு வெட்டிப் பொடிக்கும். மசாலாவுக்கும் சட்னிக்கும் அது போதும். அந்த வேகத்தில் மாவு சூடேறிவிடும். உளுந்துக்குக் கல்தான் சரி. மெல்ல நசுக்கி, காற்றைச் சேர்த்துப் பொங்க வைக்கும். வாரத்தில் ஒரு நாள் இட்லிக்கு அரைக்கும் சிறு குடும்பத்துக்கு 2 லிட்டர் மேஜைக் கிரைண்டரே ஏராளம்.

எங்கள் திருவண்ணாமலையில் கடையேறும் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை: அதைக் கழற்றிக் கழுவப் போகிறவரையும் அழைத்துப் போங்கள். கல்லை அவரே தூக்கிப் பார்க்கட்டும்.

பழைய ருசிதான் வேண்டுமென்றால் அதற்கும் இந்த ஊரில் வழிகாட்டி உண்டு. ஆசிரமச் சமையற்கட்டில் ரமணர் விடியுமுன்னே எழுந்து தம் கையாலேயே சட்னி அரைத்திருக்கிறார். கொல்லையில் அம்மி இன்னும் கிடக்கிறது. குழவியை யாரும் ஒளித்து வைக்கவில்லை.