பேட்டரிக்கும் தாகம் எடுக்கும்

2012-ஆம் வருஷத்து மின்வெட்டை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், கோவில்பட்டிக்கு அதைப் போலப் பல மடங்கு. அந்தச் சமயத்தில்தான் கடன் வாங்கி இன்வெர்ட்டர் போட்டேன். என் மனைவிக்கு வீசிங் தொந்தரவு உண்டு. ராத்திரியில் மூச்சு இழுத்தால் நெபுலைசர் வைக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும்.

ஒரு மே மாத நடுநிசியில் மெஷினை மாட்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவை எடுத்தான். ஆஸ்பத்திரியில் விடியும்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

காலையில் மெக்கானிக் வந்து பேட்டரி மூடியைத் திறந்தார். “என்ன சார், போர் தண்ணியா ஊத்துனீங்க?” என்று கேட்டார். ஆமாம், ஊற்றியிருந்தேன். கடைக்குப் போகச் சோம்பல். பிறகு இரண்டு மாதம் திறந்தே பார்க்கவில்லை. தகடுகள் காய்ந்து கிடந்தன.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1859-இல் இந்த ஈய பேட்டரியைச் செய்த காஸ்தோன் பிளாந்தே பிரெஞ்சுக்காரர். நவச்சாரக் கரைசலை வைத்து 1866-இல் மின்கலம் செய்த லெக்லான்ஷேயும் அப்படியே. இருவரையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன், வீட்டில் கோட்டை விட்டேன்.

விஷயம் இதுதான். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம் கலந்த தண்ணீர். சார்ஜ் ஏறும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்விடும். வெயில் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். அமிலம் போகாது, தண்ணீர்தான் போகும். அதனால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் ஊர்ப் போர் தண்ணீரில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைக் கெடுத்துவிடும். 25 டிகிரிக்கு மேல் பத்துப் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. நமக்கு மே மாதம் 40.

குளிரில் கதை வேறு. முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 60 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் தீர்ந்துவிட்டால் அமிலம் நீர்த்துப்போய், மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பெட்டி வெடித்துவிடும்.

தண்ணீர் வெயிலில் போகும், குளிரில் உறையும். ஆனாலும் தீப்பிடிக்காது, விலையும் குறைவு. அதனால்தான் விஞ்ஞானிகள் தண்ணீரை விடாமல், அதைக் கட்டிப்போட வழி தேடுகிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் ஒரு லித்தியம் உப்பை, தண்ணீரைவிட உப்பே அதிகம் என்னும் அளவுக்குக் கரைத்தார்கள். ஒவ்வொரு துளியையும் உப்பு பிடித்துக்கொண்டதால், தண்ணீர் எளிதில் பிரியவில்லை. உறையாமலிருக்க, கார் ரேடியேட்டரில் ஊற்றும் கிளைக்கால் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. கூழ் போன்ற ஜெல்லில் தண்ணீரை நிறுத்தி வைப்பது இன்னொரு வழி.

இந்த ஜெல் சமாசாரத்தைப் படித்தபோது எனக்குக் கரிசல் மண்தான் ஞாபகம் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் குடித்த மழையை விடாமல் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் உளுந்தையும் பாசியையும் பருத்தியையும் காப்பாற்றுகிறதே, அதே வேலைதான்.

இந்த ஆராய்ச்சிக்கு நாம் வெகுதூரம் போகவும் வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. கயத்தாறு பக்கம் காற்றாலை சுற்றும் நாளில் வரும் கரண்டை மலிவாகச் சேர்த்து வைக்க முடிந்தால், நம் வெயில் ஊருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதுவரை என் வேலை இது. மாதம் முதல் தேதி, ஸ்விட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, மிதவையைப் பார்த்து ஊற்றுகிறேன். பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் இருக்கும். தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மறந்தாலும் அவள் மறப்பதில்லை. “என்னங்க, அதுக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். மாட்டைக் கேட்கிற மாதிரியே கேட்பாள்.