கவுண்டருக்கு அந்தப் பக்கம்

இங்கே பி.ஏ. ஆங்கிலம் படித்த ஒவ்வொருவனிடமும் ஒரு இங்கிலாந்து இருக்கிறது. பூகோளத்தில் உள்ள இங்கிலாந்து அல்ல. மழை, தேநீர், மாதா கோவில், ரோஜாத் தோட்டம், நாயோடு உலாவப் போகும் ஓய்வுபெற்ற கர்னல், அப்புறம் கிராமத்துத் தபாலாபீஸ். அகதா கிறிஸ்டியின் கிராமங்களில் யாருக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பது போலீஸைவிடத் தபாலாபீஸ் அம்மாளுக்கே நன்றாகத் தெரியும் போலிருக்கும். பரீட்சை முடிந்தபின் எனக்கு இந்த இங்கிலாந்தோடு போக்குவரத்து இல்லாமல் இருந்தது. நிஜமான இங்கிலாந்தின் செய்திகளை நான் விடாமல் படிக்க நேர்ந்தது அந்தத் தபாலாபீஸ் வழியாகத்தான்.

பொதுவாக அந்த நாட்டுச் செய்திகள் சமீப வருஷங்களில் ஹாஸ்ய ரகமாகவே வந்துகொண்டிருந்தன. 2022 செப்டம்பரில் ராணியின் சவப்பெட்டியைப் பார்க்க மைல் கணக்கில் க்யூ. க்யூவின் வால் இப்போது எங்கே இருக்கிறது என்பதை அரசாங்கமே யூட்யூபில் நேரலையாகக் காட்டியது. மறுமாதம், ஒரு பிரதம மந்திரி பதவியில் நீடிப்பாரா அல்லது ஒரு லெட்டூஸ் கீரை வாடாமல் நீடிக்குமா என்று ஒரு பத்திரிகை கீரைக்கு எதிரே காமிராவை வைத்தது. கீரை ஜெயித்தது. இதையெல்லாம் காப்பி குடித்துக்கொண்டே படிக்கலாம். ஹொரைசன் விவகாரத்தை ஒரு காஷியரால் அப்படிப் படிக்க முடியாது.

இங்கே ஸப்-போஸ்ட்மாஸ்டர் என்றால் சர்க்கார் சம்பளக்காரர். அங்கே அவர் ஒரு சின்ன வியாபாரி. கையிருப்பைப் போட்டு, கடன் வாங்கி, ஒரு கடையை விலைக்கு வாங்குகிறார். கடையின் ஒரு பக்கம் ரொட்டி, பால், பிறந்தநாள் வாழ்த்து அட்டை. மறுபக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தபாலாபீஸ் கவுண்டர். தபால்தலை, பென்ஷன், பணம் கட்டுவது, எடுப்பது. போஸ்ட் ஆபீஸ் ஸ்தாபனத்தோடு அவருக்கு இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. அவருடைய கவனக்குறைவாலோ பிழையாலோ நஷ்டம் வந்தால் அவரே ஈடுகட்ட வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. 1999இல் தொடங்கி இந்தக் கவுண்டர்களில் ஃபுஜிட்ஸு கம்பெனியின் கம்ப்யூட்டர் கணக்குமுறை ஒன்று வந்தது. அதற்கு ஹொரைசன் என்று பெயர் வைத்தார்கள். தொடுவானம். நெருங்க நெருங்கத் தள்ளிப்போகிற ஒன்றின் பெயரைக் கணக்குக்கு வைக்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை போலும்.

சாயங்காலம் கேஷ் டாலியாகவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் ஓரிருவர்தான் அறிந்திருப்பார்கள். கட்டுகளை மறுபடி எண்ணுவோம். மிஷினில் போட்டதைக் கையாலும் எண்ணுவோம். வவுச்சர்களை ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிடுவோம். குப்பைக் கூடையைக் கவிழ்ப்போம். ஐயாயிரத்துக்கு எழுதின சீட்டுக்கு ஐம்பதாயிரம் கொடுத்தோமா, இரண்டு நூறு ஒட்டிக்கொண்டு போயிற்றா என்று காலையிலிருந்து வந்த முகங்களை வரிசையாக நினைவில் நிறுத்துவோம். இத்தனையிலும் மனம் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். இதைக் குணச்சிறப்பு என்று சொல்லவில்லை. தொழில் உண்டாக்கும் ஊனம் அது. கடைசியில் தெரியவில்லை என்றால் சொந்தப் பையிலிருந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மூன்று தடவை வைத்திருக்கிறேன். ஒரு தொகை மறுவாரம் திரும்பிவிட்டது. மற்ற இரண்டும் யாரோடு போயின என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் என் குறைவு, நோட்டாக இருந்து காணாமற்போன குறைவு. தேட ஓர் இடம் இருந்தது. ஹொரைசன் காட்டிய குறைவு பல சமயங்களில் நோட்டாக இருந்ததே இல்லை. மென்பொருளின் கோளாறில் பிறந்த எண் அது. காகிதக் கணக்கு போய்விட்டபடியால் அந்த எண் எந்த வரியில் நுழைந்தது என்று பார்க்க ஸப்-போஸ்ட்மாஸ்டருக்கு வழி கிடையாது. கணக்கை ஒப்புக்கொண்டு முடித்தால்தான் அடுத்த கணக்குக்காலம் திறக்கும், கடையும் திறக்கும். ஆகவே இல்லாத பணம் இருப்பதாக ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தினார்கள். அழுத்திய கணத்தில் அது பொய்க்கணக்கு என்னும் கிரிமினல் குற்றமாயிற்று. பையிலிருந்து போட்டார்கள், வீட்டை அடகு வைத்துப் போட்டார்கள்.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமம். ஜோ ஹாமில்டன் என்ற அம்மாள் இரண்டாயிரம் பவுண்டு குறைகிறதென்று உதவித் தொலைபேசியைக் கூப்பிட்டார். அவர்கள் சொன்னபடி செய்தார். கண்ணெதிரே அது நாலாயிரம் ஆயிற்று. கிழக்குக் கடற்கரையில் பிரிட்லிங்டன் ஊர் லீ காஸில்டன் 91 தடவை கூப்பிட்டார். சுமார் 25,000 பவுண்டுக்கு அவர்மேல் சிவில் வழக்கு. வக்கீல் வைக்கப் பணமில்லாமல் தானே வாதாடித் தோற்றார். 2007இல் அவர் தலையில் விழுந்த செலவுத்தொகை 3,21,000 பவுண்டு. திவாலானார். ஸர்ரேயில் சீமா மிஸ்ரா, 2010இல், மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, கர்ப்பிணியாக ஜெயிலுக்குப் போனார். கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும், ‘உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தச் சிக்கல் இல்லை’ என்ற பாணியில் பதில் சொல்லப்பட்டதாக அவர்கள் பலரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் தண்டிக்கப்பட்டவர்கள் 900க்கு மேல். சுமார் 700 வழக்குகளில் குற்றம் சாட்டியது போஸ்ட் ஆபீஸேதான். பணம் போயிற்று என்பவரும், விசாரித்தவரும், வழக்குப் போட்டவரும் ஒருவரே. நீதிபதி மட்டும்தான் வெளியாள்.

இதைப் பற்றி எழுதும்போது எல்லோருக்கும் காஃப்கா ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. காஃப்காவில் குற்றம் என்னவென்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். இங்கே பைசா சுத்தமாகச் சொன்னார்கள். மேலும் பேரம் பேசினார்கள்: பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொள், திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம், ஹொரைசன்மேல் பழி போடாதே. ஹாமில்டன் ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள், கோர்ட்டுக்கும் கூடவே வந்தார்கள். காஃப்காவின் உலகில் இப்படி ஊர் திரண்டு வருமா என்ன. இது மளிகைக்கடைக்காரனின் உலகம். அதனால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரம் முக்கியமாக வார்த்தைகள் சம்பந்தப்பட்டது. பல வருஷங்கள் போஸ்ட் ஆபீஸ் திரும்பத் திரும்ப உபயோகித்த சொல் ‘ரோபஸ்ட்’. ஹொரைசன் திடகாத்திரமானது. ஒரு கணக்குமுறையைச் சரியானது என்று சொன்னால் சரிபார்க்கச் சொல்வார்கள். திடகாத்திரமானது என்றால் என்ன கேட்பது? 2013இல் ஸ்தாபனத்தின் தலைமை நிர்வாகி பவுலா வென்னல்ஸ், கம்ப்யூட்டர் தெரிந்த தம் கணவரிடம், கோளாறு, பழுது என்பதற்கெல்லாம் உணர்ச்சி கலவாத சொல் ஒன்று கேட்டிருக்கிறார். ‘எக்ஸெப்ஷன்’ அல்லது ‘அனாமலி’ என்று அவர் சொல்லியிருக்கிறார். விசாரணைக் கமிஷனில் அந்த மின்னஞ்சல் வெளிவந்தது. அம்மையார் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவரும்கூட. சொல் தேர்வு பற்றி இவ்வளவு அக்கறை நம் கவிஞர்களில் எத்தனை பேரிடம் உண்டு?

இன்னொரு சொல் ‘ஸாரி’. நாம் காலை மிதித்தாலும் ஸாரி சொல்கிறவர்கள் அவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கமிஷன் முன் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஸாரி சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். தமிழில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் எதிராளி கொடுக்கலாம், மறுக்கலாம். ஸாரியில் எதிராளிக்கு வேலையே இல்லை. சொன்னவரோடு முடிந்துவிடுகிறது.

சட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு. 1984ஆம் வருஷத்துச் சட்டப்படி கம்ப்யூட்டர் சாட்சியத்தைக் கொண்டுவருகிறவர் அது ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டியாக வேண்டும். இது தொல்லையாக இருக்கிறதென்று 1999இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின் இயந்திரம் சரியாகத்தான் இருந்திருக்கும் என்பது அனுமானம்; இல்லையென்று கிளப்ப வேண்டியது குற்றவாளிக் கூண்டில் நிற்பவர். ஹொரைசன் வந்த வருஷமும் அதுதான். அரசியல்வாதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லண்டட்னோவில் கவுண்டரை இழந்த ஆலன் பேட்ஸ் 2010இல் தபால் இலாகா மந்திரியைச் சந்திக்கக் கேட்டபோது, சந்திப்பதால் பிரயோஜனம் இராது என்று முதலில் பதில் வந்தது. பல மாதம் கழித்துத்தான் சந்தித்தார். அதே மந்திரி 2024 தேர்தலில் கட்சித் தலைவராகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்தும், துடுப்புப் பலகையிலிருந்து ஏரியில் விழுந்தும் ஓட்டுக் கேட்டார். 72 இடம் கிடைத்தது. வென்னல்ஸ் சாட்சி சொல்லி அழ ஆரம்பித்த 2024 மே 22ஆம் தேதியன்றே ரிஷி ஸுனக் கொட்டும் மழையில் குடையில்லாமல் நின்று தேர்தலை அறிவித்தார். அன்று எது செய்தியாயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

2019இல் ஐகோர்ட் நீதிபதி, ஹொரைசனைப் பற்றிப் போஸ்ட் ஆபீஸ் சொல்லிவந்ததை, பூமி தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார். வழக்காடிய 555 பேருக்கு 5.8 கோடி பவுண்டு அளவில் சமரசம். செலவு போக அவர்களுக்கு மிஞ்சியது சுமார் 1.2 கோடி. 2021இல் அப்பீல் கோர்ட் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. எதற்கும் நாடு அசையவில்லை. 2009இலேயே இதை எழுதியது ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்ற தொழில் பத்திரிகை. சொற்ப வாசகர்களுக்கு நிஜத்தைச் சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது என்னவென்று நமக்குத் தெரியாததல்ல. பிறகு 2024 ஜனவரி முதல் நாலு ராத்திரி ஐடிவியில் பேட்ஸைப் பற்றி ஒரு நாடகம் வந்தது. பத்தாம் தேதி பிரதம மந்திரி சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். கோர்ட் கொடுத்த தண்டனைகளை நாடாளுமன்றம் மொத்தமாக ரத்து செய்யும் சட்டம். மே மாதம் நிறைவேறியது. 2025 ஜூலையில் வந்த கமிஷன் அறிக்கையின் முதல் பாகம், குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது. அவர்களுக்கு எந்தச் சட்டமும் தாமதம்தான்.

இங்கேதான் ஒரு கவிஞ நண்பர் என்னை மடக்குகிறார். ‘நீங்கள் சீண்டாத பிரச்னைக் கலைதான் கடைசியில் வேலை செய்திருக்கிறது, பார்த்தீர்களா’ என்கிறார். நாடகத்தை நான் பார்த்தேன். நல்லவர், கெட்டவர் கோடு போட்டுப் பிரித்தாகிவிட்டது. எப்போது கலங்க வேண்டும் என்பதை சங்கீதம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. டோபி ஜோன்ஸ் மட்டும் முகத்தை அதிகம் உபயோகிக்காமல் தப்பித்துக்கொள்கிறார். கலாரீதியாக அதன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது; அது ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது என்பதால் மதிப்பு கூடவும் இல்லை. தேர்தல் வருஷத்தில் அரசாங்கத்தை சங்கடப்படுத்திற்று, அவ்வளவுதான். சங்கடப்படுத்துவது கலையின் பலன்களில் ஒன்றாக இருக்கலாம். ஒரு நல்ல வக்கீல் நோட்டீஸும் அதைச் செய்யும்.

ஆனால் ஜோ ஹாமில்டனின் திரையில் எண் இரட்டிப்பாகும் அந்த ஒரு இடம் விலகிப்போக மறுக்கிறது. அங்கே நடிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் எண் இன்னோர் எண்ணாகிறது. எனக்குக் கை சில்லிட்டது. பார்த்தவன் விமர்சகனா காஷியரா என்று நண்பர் கேட்கிறார். காஷியர்தான் என்று வைத்துக்கொண்டாலும், காஷியர் அல்லாத லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்தார்களே, அவர்களுக்கு சில்லிட்டது எதனால் என்பதற்கு என் ரசனைக் கோட்பாட்டில் பதில் கொஞ்சம் இழுபறியாகத்தான் இருக்கிறது. நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு அடுத்த இதழுக்கு மறுப்புக் கட்டுரை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். ‘ரோபஸ்ட்’ என்ற சொல்லை மட்டும் உபயோகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.