அடியில்லாமல் பிறக்கும் பானை

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மானாமதுரை வந்துவிடும். காரைக்குடிக்கும் விருதுநகருக்கும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். அதனாலேயே பலருக்கு இது வண்டி மாறும் ஊராக மட்டும் பழக்கம். நானும் பல வருஷம் பிளாட்பாரத்தில் டீ குடித்துவிட்டு அடுத்த வண்டி ஏறியவன்தான்.

ஊருக்குள் போனால் வைகை. மதுரையில் கள்ளழகர் இறங்குவதுபோல இங்கேயும் சித்திரையில் வீர அழகர் ஆற்றில் இறங்குகிறார். கரையோரம் சோமநாதர் கோயில். ஊரின் இன்னொரு அடையாளத்தைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். மண்பாண்டம் செய்கிற தெருவில் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு ‘தப், தப்’ என்று பலகை விழும் சத்தம்.

பானை என்றதும் நம் மனதில் சக்கரம்தான் சுழலும். சினிமாவும் காலண்டர் படங்களும் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் சக்கரத்திலிருந்து இறங்கும் பானைக்கு அடியே கிடையாது. வாய், கழுத்து, தோள் மூன்றும் முடிந்திருக்கும். கீழே தடித்த சுவரோடு, நூலால் அறுத்த பெரிய ஓட்டை. அதை நிழலில் வைத்துவிடுகிறார்கள். விரலால் அழுத்தினால் குழியக் கூடாது, தட்டினால் விரிசல் விடவும் கூடாது. அந்தப் பதம் வரவேண்டும்.

பதம் வந்த பானையை மடியில் சாய்த்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். இடது கை உள்ளே, வழுவழுப்பான உருண்டைக் கல்லோடு. வலது கையில் மரப்பலகை. வெளியே பலகை விழும் இடத்துக்கு நேராக உள்ளே கல் நிற்கவேண்டும். ஆனால் கல் அவர் கண்ணுக்குத் தெரியாது. தட்டத் தட்டச் சுவர் மெலிந்து கீழே இறங்குகிறது, ஓட்டை சுருங்குகிறது. கடைசியில் ஒரு ரூபாய்க் காசளவு மிச்சமிருந்து அதுவும் மூடிக்கொண்டது. ஒட்டுப்போட்ட தடமே இல்லை.

“எப்படிம்மா அளவு தெரியுது?” என்று கேட்டேன். “சத்தம் மாறும் தம்பி. கனமா இருந்தா ஒரு சத்தம், மெலிஞ்சா ஒரு சத்தம்.”

நானும் பலகையை வாங்கிப் பார்த்தேன். நாலாவது தட்டில் சுவர் பிய்ந்தது. அவர் சிரித்துவிட்டு அதைப் பிசைந்து மண்குவியலில் எறிந்தார்.

தட்டுவதால் மண் இறுகுகிறது, உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. மூலையில்லாத உருண்டை அடி கிடைப்பதால் அடுப்பில் சூடு சீராகப் பரவும். விரிசல் விட இடமிருக்காது. குழம்புச் சட்டி வருஷக்கணக்கில் உழைப்பதற்கு இந்தப் பலகைக்கும் நன்றி சொல்லவேண்டும். பல வீடுகளில் சக்கரம் ஆண்கள் வேலை, தட்டுவது பெண்கள் வேலை. பானை செய்பவர் என்று படத்தில் வருவது மட்டும் சக்கரக்காரர்தான். பாதி வேலைக்கு முழுப் பெயர்!

இந்தத் தட்டலின் உச்சம் கடம். கச்சேரி மேடைகளில் மானாமதுரைக் கடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சென்னைக் கடத்தைவிட இது கனம். வாசிக்க விரலுக்கு வலு வேண்டும், நாதம் கணீரென்று வரும். ஒரே கண்மாய் மண்ணில் இது அமையாது. பல இடத்து மண்ணைக் கலந்து, மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பக்குவம் பண்ணுகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான தட்டு. சுவர் எங்கும் ஒரே கனத்தில் இல்லையென்றால் சுருதி ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறாகவும் பேசும். மிருதங்கத்தைப்போல வாரை இழுத்து இதைச் சரிசெய்ய முடியாது. சூளையிலிருந்து வெளிவந்த சுருதிதான் சுருதி. இவ்வூரின் மீனாட்சி கேசவன் கடம் செய்ததற்காகவே சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சிவகங்கைச் சீமைக் கிராமங்களில், அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு விழா வந்தால் மண்பாண்டம் செய்யும் வேளார் கைக்கு வேறு வேலை. அய்யனார் குதிரைக்கு முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடான குழாய்களாக நிற்கும். அதன்மேல் மண்ணைக் கயிறுபோல உருட்டி வளையம் வளையமாக வைத்து, விரலால் தேய்த்து இணைத்து வயிற்றை எழுப்புகிறார்கள். ஒரே மூச்சில் எழுப்பினால் ஈரக் கனம் தாங்காமல் கால் மடிந்துவிடும். கொஞ்சம் கட்டி, காயவிட்டு, மறுபடி கட்டவேண்டும். காய்ந்த மண்ணோடு ஈரமண் ஒட்டாது என்பதால் நிறுத்திய விளிம்பில் ஈரத்துணி போட்டுவைப்பார்கள். மண்ணில் உமி கலப்பது சூளைக்காக. உமி மண்ணில் உண்டாக்கும் நுண்வழிகளில் நீராவி தப்பிக்கும். இல்லையென்றால் குதிரை வெடித்துவிடும்.

மழைக்காலத்தில் தெரு மௌனமாகிவிடுகிறது. காயாத பானையைச் சூளையில் வைக்க முடியாது. கோடையிலோ மண் அள்ளக் கண்மாய்க்குப் போனால் அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள். சரக்கு எவர்சில்வரோடு போட்டியிட்ட காலம் போய், இப்போது பூந்தொட்டியும் ‘ஆர்கானிக்’ சட்டியும் விற்கின்றன.

திரும்பும்போது ஒரு தண்ணீர்ப் பானை வாங்கினேன். கழுத்தைப் பிடித்துத் தூக்கப் போனேன்.

“கழுத்தைப் பிடிக்காதீங்க தம்பி, அடியில கை குடுங்க” என்றார் அந்த அம்மா.

மதுரை வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். திருப்புவனம் தாண்டி, கீழடியை ஒட்டி ரயில் போகும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் விரலை மடக்கிப் பானையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“மானாமதுரையா?” என்றார்.