'ஆம்' என்றால் எதற்கு 'ஆம்'?



பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை 6 வகையாகவும் விடையை 8 வகையாகவும் பகுத்துரைக்கிறது. பள்ளிப் பருவத்தில் அதனை மனனம் செய்தவர்கள் உங்களிடையே பலர் உண்டு. ஆயினும் இலண்டனுக்குக் குடிவந்த பின்னர், ஆங்கிலக் கேள்வி ஒன்றுக்கு 'யெஸ்' என்பதா, 'நோ' என்பதா என்னும் மிகச் சிறிய இடத்தில் நம்மவர் இடறுவதை அடிக்கடி காண்கிறேன். இடறல் சிறிது, விளைவு சில வேளைகளில் பெரிது.

தமிழில் ஒரு கூற்றை வினாவாக்க ஓர் 'ஆ' போதும். எதனை அறிய விரும்புகிறோமோ அதனோடு அதைச் சேர்க்கிறோம்: 'நீ நேற்று வந்தாயா?', 'நீ நேற்றா வந்தாய்?', 'நீயா நேற்று வந்தாய்?' ஆங்கிலத்தில் இத்தகைய விகுதி இல்லை. அங்கே துணைவினை எழுவாய்க்கு முன்னே சென்று நிற்கும். 'யூ ஆர் கமிங்' என்பது 'ஆர் யூ கமிங்?' ஆகிவிடும். துணைவினை இல்லாத இடத்தில் 'டூ', 'டிட்' போன்றவற்றைக் கொண்டுவந்து நிறுத்துவர்.

இன்னொரு வகை, கூற்றின் இறுதியில் ஒட்டிவரும் சிறு வினா. நாம் எல்லாவற்றுக்கும் 'அல்லவா' என்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது கூற்றுக்கேற்ப மாறும். கூற்று உடன்பாடாயின் ஒட்டும் வினா பெரும்பாலும் எதிர்மறையாகும். கூற்று எதிர்மறையாயின் அது உடன்பாடாகும். நம்மவரைத் தடுமாறச் செய்வது இந்த இரண்டாவது வடிவமே.

சில மாதங்களுக்கு முன்னர், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஓர் அம்மாவுக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தேன். தாதி வந்து, 'யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங், ஹேவ் யூ?' என்று கேட்டார். நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணாதிருந்த அம்மா, 'யெஸ், யெஸ்' என்றார். 'ஓம், நீங்கள் சொல்வது சரி, நான் சாப்பிடவில்லை' என்பது அவர் கருத்து. அவர் சாப்பிட்டுவிட்டதாகத் தாதி விளங்கிக்கொண்டார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சிகிச்சையை ஒத்திவைக்கப் பேச்சு எழுந்தது. நான் இடையிட்டு விளக்கிய பின்னரே காரியம் தொடர்ந்தது.

மறுதலையாக எண்ணிப் பாருங்கள். அந்த அம்மா உண்மையில் உண்டிருந்து, 'இல்லை, நான் சாப்பிட்டேன்' என்னும் கருத்தில் 'நோ' என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இது அறியாமை அன்று. இரு மொழிகளின் வழக்கு வேறுபாடு. கேட்பவரின் கூற்று சரியா என்பதற்கு நாம் விடை சொல்கிறோம். யப்பானிய மொழியிலும் இவ்வாறே. ஆங்கிலத்தின் 'யெஸ்', 'நோ' கேள்வியைப் பார்ப்பதில்லை. செயல் நிகழ்ந்ததா இல்லையா என்பதையே பார்க்கின்றன. உண்டிருந்தால், எப்படிக் கேட்டாலும் 'யெஸ்'. உண்ணாதிருந்தால், எப்படிக் கேட்டாலும் 'நோ'.

இதற்குத் தீர்வை நாம் ஆலயத்திலேயே அறிந்திருக்கிறோம். திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது வினையையே திரும்பச் சொல்லி 'விசுவசிக்கிறேன்' என்கிறோம். ஆங்கிலத் திருப்பலியில் கேள்வியின் துணைவினையைத் திரும்ப எடுத்து 'ஐ டூ' என்கிறார்கள். அதையே மருத்துவமனையிலும் நேர்முகத்திலும் செய்யுங்கள். 'யெஸ்' என்று நிறுத்தாமல் 'யெஸ், ஐ ஹேவ்' என்றோ, 'நோ, ஐ ஹேவன்ட்' என்றோ சொல்லுங்கள். அதுவும் கடினமாயின், 'ஐ டிட் நாட் ஈட்' என்று செய்தியையே கூறிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தாய் மகனிடம் 'படித்தாயா?' என்று கேட்பது பல வேளைகளில் 'படி' என்னும் கட்டளையே. நன்னூலார் இதனை ஏவல் வினா என்பார். 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' என்பதும் அத்தகையதே. காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆனால் காத்திருப்பதில் உங்களுக்குத் தடையுண்டா என்பதே அதன் சொற்பொருள். அதற்கு 'யெஸ்' என்பது மறுப்பாக ஒலிக்கும். 'நோ, நாட் அட் ஆல்' என்பதே இசைவு.

விளங்காவிடின் மீண்டும் கேட்கச் சொல்லத் தயங்காதீர்கள். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம், முன்கூட்டியே கேளுங்கள்.

இளையோரே, உங்கள் அம்மாவோ அப்பம்மாவோ பொருந்தாத இடத்தில் 'யெஸ்' சொன்னால் நகைக்காதீர்கள். அருகில் சென்று, 'எதற்கு ஓம் என்றீர்கள்?' என்று தமிழில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை