கோட்டையும் கைப்பேசியும்

பாலாற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் வேலூர். கருங்கல் மதிலும் ஆழ்ந்த அகழியும் சூழ்ந்த அதன் கோட்டை விசயநகரப் பேரரசின் காலத்தில் எழுந்தது. அந்நகரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ளன. தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் அவ்வூர்களின் பெருந்தொழில்கள். இவ்வட்டாரத்து மாணவர்க்கு வரலாறு மதிலாகவும் ஆறாகவும் தொழிலாகவும் கண்முன் நிற்கின்றது. ஆயினும், பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடமாகவே அது பலர்க்கு அமைந்துவிடுகின்றது. இந்நிலையை மாற்ற இன்றைய மின்னணுக் கருவிகள் எவ்வாறு துணைபுரியும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வேலூர்க் கோட்டையில் 1806ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் விடியுமுன் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயர்க்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக்குறி அணிதல் கூடாது, காதில் அணிகலன் கூடாது, புதுவகைத் தலைப்பாகையையே அணிதல் வேண்டும் எனச் சென்னைப் படைத்தலைவர் கிரடாக்கு பிறப்பித்திருந்த ஆணைகள் அவர்தம் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தன. அத்தலைப்பாகையில் தோலாலான அணி ஒன்றும் இருந்தது. எவ்விலங்கின் தோலோ என்னும் ஐயம் இந்துக்களையும் இசுலாமியரையும் ஒருங்கே வாட்டியது. கோட்டையினுள் திப்பு சுல்தானின் மைந்தர்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். கிளர்ந்தெழுந்தோர் மைசூர்க் கொடியை ஏற்றினர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெசுப்பி என்பவர் குதிரைப்படையுடன் விரைந்து வந்து, அன்றே கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் அவ்வாணைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் பதவியிலிருந்து அழைத்துக்கொள்ளப்பட்டனர்.

இவ்வளவையும் பாடநூல் கூறிவிடும். அதன் பின்னரே வினாக்கள் எழுகின்றன. எழுச்சிக்குக் காரணம் தலைப்பாகையா, இளவரசர்களின் சூழ்ச்சியா? மாண்டோர் எத்தனை பேர்? இவற்றிற்கு நூலுக்கு நூல் விடை வேறுபடும். கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி பான்கோர்ட்டின் மனைவி, தாமும் தம் குழந்தைகளும் ஒளிந்திருந்து உயிர் தப்பியதை எழுதிவைத்துள்ளார். சென்னைப் படையின் வரலாற்றை எழுதிய வில்சன், படைத்துறை நோக்கில் இந்நிகழ்ச்சியை விளக்கியுள்ளார். சிப்பாய்களின் சொற்களோ, அவர்களை விசாரித்தோர் எழுதிய பதிவுகளின் வழியாகவே பெரும்பாலும் கிடைக்கின்றன. வென்றவரின் ஏட்டிலிருந்து தோற்றவரின் குரலைக் கேட்டறிதல் எளிய செயல் அன்று. அதனைப் பழகுவதே வரலாற்றுக் கல்வியின் உயிர்.

முற்காலத்தில் இத்தகைய நூல்களைக் காண விரும்புவோர் சென்னைக்கோ இலண்டனுக்கோ செல்லவேண்டியிருந்தது. இன்று பழைய நூல்கள் பல பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய தமிழ் நூல்களை எவரும் விலையின்றிப் படிக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் 2018ஆம் ஆண்டு முதல் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்படுகின்றன. கைப்பேசியை அக்குறியீட்டின்மேல் காட்டினால், பாடத்தோடு தொடர்புடைய காட்சியும் விளக்கமும் திரையில் தோன்றும். எனினும், காட்சியைக் கண்டு களிப்பதோடு மாணவர் நின்றுவிடின், பழைய மனப்பாடம் புதிய உடை அணிந்ததாகவே முடியும். ஒரு குழுவினர் தளபதியின் மனைவி எழுதியதைப் படிக்க, மற்றொரு குழுவினர் படை வரலாற்றைப் படித்து, பின் இரு குழுவினரும் கூடி, எங்கே ஒத்தன, எங்கே மாறுபட்டன, ஏன் மாறுபட்டன என ஆராய்தல் வேண்டும். அவ்வாறு கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளும்போதே கருவி கல்வியாகின்றது.

கோட்டையின் வரலாறு ஏட்டில் உள்ளது. பாலாற்றின் அண்மைக்கால வரலாறோ பெரிதும் மக்கள் நினைவில் உள்ளது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தையும் கெடுத்ததாக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1996ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் நடைபெறும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் ஆய்வுச் செய்தியை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான பொறுப்பை ஏற்றல் வேண்டும் என்னும் நெறியையும் வலியுறுத்தியது. இத்தீர்ப்பை இன்று எந்த மாணவரும் இணையத்தில் படிக்கலாம்.

ஆனால் கிணற்று நீர் உவர்த்தபோது உழவர் வீட்டில் நிகழ்ந்தது யாது? தோல் தொழிலால் உலை ஏறிய வீடுகள் அவ்வழக்கை எவ்வாறு கண்டன? தொட்டியில் தோலை மிதித்த கால்கள் எவ்வாறு புண்பட்டன? இவற்றைத் தீர்ப்பின் ஏடுகள் முழுவதும் கூறா. வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவும் பாட்டியுமே கூறவல்லார். அவர்கள் மறையின் அவ்வரலாறும் உடன் மறையும். கையடக்கக் கருவி ஒன்று அக்குரலைக் காத்துவைக்கும். கூறுவோரின் இசைவைப் பெற்று, நாளும் இடமும் குறித்து, அவர்தம் சொல்லைத் திருத்தாமல் பதிந்துவைத்தல் மாணவர் கடன். முதுமையில் நினைவு பிழைபடவும் கூடும். ஆதலின், பதிந்ததை ஏட்டோடும் பிறர் கூற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும். ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் தோல் தொழில் உண்டு. அவ்வூர்ப் பள்ளிகளோடு ஆம்பூர்ப் பள்ளிகள் தம் பதிவுகளைப் பரிமாறிக்கொண்டால், ஓரூரின் துயரும் உழைப்பும் பல ஊர்க்கும் பாடமாகும்.

இணையத்தில் மெய்யோடு பொய்யும் கலந்து உலவுகின்றது. சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதைக் கண்டு சொன்னார் என வினவும் பழக்கம் உடையவரைப் பொய் எளிதில் மயக்காது. அப்பழக்கத்தை ஊட்டுபவர் ஆசிரியரே. அதற்குத் துணைநிற்பது கருவி. கோட்டை மதிலைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், அதனுள் அடங்கிப்போன குரல்களையும், பாலாற்றங்கரையில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் குரல்களையும் செவிசாய்த்துக் கேட்கும் மாணவரே வரலாற்றை மெய்யாகக் கற்றவர் ஆவர்.