நள்ளிரவில் எங்கே செல்வது?

நம் திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களில் நோய் கண்டவர் முதலில் நாடுவது மருத்துவரையன்று. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை. அதற்கும் அடங்காவிடில் ஊசி போடுகிறவர். அதற்கும் அப்பால் பங்கு இல்லத்தின் கதவு. "சாமி, அருப்புக்கோட்டைக்குப் போகவா, நேரே மதுரைக்கே கொண்டு போயிரவா?" என்று நடுச்சாமத்தில் வந்து நிற்போரை ஆண்டுக்கணக்காகக் கண்டு வருகிறோம். நாம் பயின்றது இறையியலேயன்றி மருத்துவமன்று. ஆயினும் அவ்வேளையில் முடிவெடுப்பவர்கள் நோயாளியைச் சுற்றி நிற்கும் நான்கு பேரே என்பதால், மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றை இங்கே எழுதத் துணிகிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றாலே பிரசவத்துக்கும் குழந்தைத் தடுப்பூசிக்கும் மட்டுமே உரிய இடம் என்று பலர் எண்ணுகின்றனர். சீமைக்கருவேல முள் ஆழமாகத் தைத்தல், கரிமூட்டத்தில் பட்ட சிறு தீப்புண், குழந்தையின் காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகிய எவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டுவதில்லை. நாய்க்கடிக்கும் அங்கேயே செல்லலாம். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே சென்று, அவர்கள் குறித்துத் தரும் நாட்களிலெல்லாம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே" என்று வாதிடுவோர் உண்டு. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் அரிதினும் அரிது.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த கூலித் தொழிலாளி ஒருவர் விடியற்காலையில் வயிற்று வலியென்று எழுந்தார். இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிச் சாறு கொடுத்தனர். சிறிது நேரத்தில் அவருடைய மகள், "அப்பாவுக்குக் கண்ணு திறக்க மாட்டேங்குது" என்று அழத் தொடங்கினாள். செய்தி நமக்கு எட்டியதும் 108க்குத் தொலைபேசினோம். உடலில் கடிவாய் எதுவும் தென்படவில்லை. மருத்துவரோ, இமை சரிந்ததைக் கண்டே கட்டுவிரியன் என்று ஐயுற்று மருந்தை ஏற்றினார். பல நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து மீண்டு வந்தார். கட்டுவிரியன் உறங்குவோரையே பெரும்பாலும் தீண்டும், வலி தெரியாது, தடமும் மறைந்துவிடும். விடியற்கால வயிற்று வலியோடு இமை தொங்குவதும் விழுங்க முடியாமையும் சேர்ந்தால் மந்திரிப்பவரிடம் செல்லாதீர்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீமையே. எலும்பு முறிந்த காலைப் போல் அசையாமல் வைத்து, நச்சு முறிவு மருந்துள்ள அண்மை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகின்றனர். 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

தேளும் எளியதன்று. குழந்தைக்குக் கொட்டியபின் வாந்தியும் மிகுந்த வியர்வையும் கைகால் சில்லிடுதலும் கண்டால் நஞ்சு இதயத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். மராட்டிய மாநிலம் மகாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இரத்தக் கொதிப்புக்கான பிரசோசின் என்னும் மாத்திரையால் அத்தகைய உயிர்கள் காக்கப்படுவதை 1980களில் உலகுக்கு எடுத்துரைத்தார். பெருநகர ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அறிவன்று அது. நம்மூர் போன்றதொரு ஊரிலிருந்து வந்தது.

சிறிய நிலையங்களில் நேரத்தைக் கழிக்கலாகாத நோய்களும் உள. நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்த்தால் அது வாயு அன்று. சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திராதீர்கள். வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால், கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரமே அவகாசம். அதற்குள் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இவற்றுக்குத் தமிழகத்தில் 2008 முதல் ஓடும் 108 வண்டியை அழைப்பதே முறை. எந்த மருத்துவமனைக்கு என்பதில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாலை விபத்தாயின், 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின் கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறித்த மருத்துவமனைகளில் வரம்புக்குட்பட்டு இலவசம். ஆகவே பணத்துக்காக அஞ்சி வழியில் தயங்க வேண்டாம்.

அவசரமா, காலை வரை பொறுக்கலாமா என்று ஐயமிருந்தால் 104க்குப் பேசிக் கேட்கலாம். புறப்படும்போது நோயாளி உண்டுவரும் மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளை மாத்திரைங்க, சின்னது" என்று சொன்னால் எந்த மருத்துவராலும் கண்டுகொள்ள இயலாது.